தொட்டில் செய்யும்போதே கட்டிலையும் வரைந்துவிடுங்கள்

தச்சுப் பட்டறைக்கு வருகிறவர்கள் “அண்ணே, குழந்தைக்கு ஒரு தொட்டில் வேணும், பின்னாடி கட்டிலா மாத்துற மாதிரி” என்பார்கள். நான் முதலில் கட்டிலைத்தான் வரைவேன். பிறந்த புதிதில் நம் வீடுகளில் பெரும்பாலும் தூளிதான். தொட்டிலில் படுப்பது அதிகம் போனால் மூன்று வயது வரை. கட்டில் கல்லூரி வரைக்கும் வர வேண்டும்.

குழந்தை மெத்தை கடைகளில் 4 அடிக்கு 2 அடி அளவில் சுலபமாகக் கிடைக்கும். நாலடி அகலக் கட்டில் மெத்தையும் கிடைக்கும். கணக்கே இதில்தான் இருக்கிறது. தொட்டிலின் நீளமான பின்தட்டி நாளைக்குக் கட்டிலின் தலைமாடு, முன்தட்டி கால்மாடு. இரண்டிலும் கால்களுக்கு இடையே நாலடிக்குக் கொஞ்சம் கூடுதலாக விடுங்கள். குறுக்குத் தட்டிகளின் அடிச்சட்டத்தை 5 அங்குல அகலத்தில், தரையிலிருந்து 9 அங்குலத்தில் வையுங்கள். அந்தச் சட்டம் மாட்டும் அதே துளைகளில் பிற்பாடு ஆறேகால் அடி நீளச் சட்டம் உட்கார்ந்துகொள்ளும். புதிதாக ஒரு துளையும் போட வேண்டாம். கால்மாடு கொஞ்சம் உயரமாகத் தெரியும். துண்டு காயப்போட வசதி.

கழற்றி மாட்டும் இடத்தில் மர ஸ்க்ரூ வேண்டவே வேண்டாம். இரண்டாம் தடவை முடுக்கும்போதே மரை தின்றுவிடும். 6 மில்லி போல்ட்டும், மரத்துக்குள் குறுக்காக உட்காரும் உருளை நட்டான பேரல் நட்டும் போடுங்கள். ஒவ்வொரு மூட்டின் இரு பக்கமும் உள்புறத்தில் உளியால் ஒரே அடையாளம் கொத்தி வைத்தால், மாட்டுகிறவர் யாராக இருந்தாலும் குழம்ப மாட்டார்.

குச்சிகளுக்கு நடுவே இடைவெளி 6 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் குழந்தையின் உடம்பு நழுவி வெளியே போய், தலை மாட்டிக்கொள்ளும். சரியாக 6 சென்டிமீட்டரில் ஒரு கட்டை அறுத்து, ஒவ்வொரு சந்திலும் விட்டுப் பார்ப்பேன். கட்டை லொடலொடவென்று போனால் அந்தக் குச்சியைக் கழற்றி, நெருக்கி மாட்ட வேண்டியதுதான். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது. மெத்தை தாங்கும் பலகைக்கு இரண்டு உயரம் வையுங்கள். குழந்தை உட்காரத் தொடங்கியதும் கீழ் உயரத்துக்கு இறக்கிவிட வேண்டும். அப்போது பலகையிலிருந்து மேல்சட்டம் வரை 26 அங்குலமாவது இருக்க வேண்டும்.

முன்தட்டி கீழே இறங்குகிற மாதிரி கேட்டால் நான் செய்து தருவதில்லை. அந்த இறங்கும் பொறி தளர்ந்து, விழுந்த சந்தில் குழந்தைகள் சிக்கி இறந்ததால் அமெரிக்காவில் 2011இல் அந்த வகையையே தடை செய்துவிட்டார்கள்.

பல் முளைக்கிற பிள்ளை மேல்சட்டத்தைக் கட்டாயம் கடிக்கும். அதனால் ஈயம் இல்லாத பூச்சு என்று டின்னில் போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். பொம்மைப் படம், ரோஸ் கலர் எல்லாம் வேண்டாம். பத்து வயதுப் பையன் அதில் படுக்க மாட்டேன் என்பான்.

கட்டிலுக்கு வேண்டிய நீளச் சட்டம், நடுக்கால், குறுக்குப் பலகை எல்லாவற்றையும் இப்போதே அதே மரத்தில் செய்து வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டியும் பேரனோடு ஏறிப் படுப்பார் என்பதால் நடுக்காலை விட்டுவிடக் கூடாது. பரணில் கிடந்த சட்டமும் வெளிச்சத்தில் நின்ற தட்டியும் கட்டிலாக மாற்றும் அன்றைக்கு ஒரே நிறத்தில் இருக்காது. மாட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஒன்றாகப் பாலிஷ் அடிக்கச் சொல்லுங்கள். போல்ட் முடுக்கும் ஆலன் சாவியையும் நாலு உபரி போல்ட்டையும் ஒரு துணிப்பையில் போட்டு, அடிச்சட்டத்திலேயே கட்டி வையுங்கள். சமையலறை டிராயரில் போட்டால் அப்புறம் கிடைக்காது.