க்ளவுஸ் போட்டால் போதுமா? ஃபுளூ பரவும்போது வார்டில் நாம் செய்யும் தவறுகள்

மழைக்காலம் வந்தால் மெடிக்கல் வார்டில் இருமல் சத்தமும் வந்துவிடும். ஃபுளூ கிருமி உடம்புக்குள் போனால் 1 முதல் 4 நாட்களுக்குள் காய்ச்சலாகத் தலைகாட்டும். நெஞ்சு வலி என்று வந்து படுத்தவருக்கு ஆறாம் நாள் ஃபுளூ காய்ச்சல் அடிக்கிறதா? அப்படியென்றால் வார்டுக்குள்ளேதான் வாங்கியிருக்கிறார். யாரோ கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறோம்.

அப்படிக் கொண்டுபோகும் வழிகளில் ஒன்று க்ளவுஸ். இரண்டாம் பெட்டில் இருப்பவரின் வாயைத் துடைத்துவிடுகிறோம். அதற்குள் மூன்றாம் பெட்டில் ட்ரிப் தீர்ந்துவிட்டது என்று கூப்பிடுகிறார்கள். அதே க்ளவுஸோடு ஓடுகிறோம். போகிற வழியில் கட்டில் கம்பி, ட்ரிப் ஸ்டாண்ட், கேஸ் ஷீட், சட்டைப்பையில் இருக்கும் பேனா, எல்லாவற்றையும் தொட்டாகிவிட்டது. கம்பி போன்ற வழவழப்பான பரப்பில் இந்தக் கிருமி 24 முதல் 48 மணி நேரம் வரை உயிரோடு இருக்கும். க்ளவுஸ் காப்பது நம் கையை. அடுத்த பெட்டில் இருப்பவரை அல்ல. க்ளவுஸ் மேலேயே ஹேண்ட்ரப் (கையைச் சுத்தம் செய்யும் ஆல்கஹால் திரவம்) தடவிக்கொள்வதும் சரியில்லை. கழற்றிப் போட்டுவிட்டு, வெறும் கையில் ஹேண்ட்ரப் ஊற்றி, காயும்வரை 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும். பி.பி. கஃப், ஸ்டெதாஸ்கோப்பையும் துடைக்காமல் அடுத்தவருக்கு எடுத்துப் போகக் கூடாது.

மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிப் பேசிவிட்டு மறுபடி ஏற்றுவது அடுத்த தவறு. சாதாரணப் பராமரிப்புக்குச் சர்ஜிக்கல் மாஸ்க் போதும். சளி உறிஞ்சும்போதும் மூச்சுக்குழாயில் ட்யூப் போடும்போதும் என்95 மாஸ்க் வேண்டும்.

“ரிசல்ட் வரட்டும், அப்புறம் தனியாக வைக்கலாம்” என்று காத்திருக்க வேண்டாம். காய்ச்சலும் இருமலுமாக வந்தால் உடனே மாஸ்க் கொடுத்துப் பிரித்து வையுங்கள். தனி அறை கிடைக்காவிட்டால் பெட்டுக்கு பெட் குறைந்தது 1 மீட்டர் இடைவெளி விட்டு, நடுவில் திரை போடுங்கள். காய்ச்சல் விட்டதும் மூன்றாம் நாளே பொது வார்டுக்கு மாற்றுவதும் அவசரம்தான். நோய் தொடங்கி 7 நாள், அல்லது காய்ச்சலும் இருமலும் நின்று 24 மணி நேரம். இதில் எது பிந்தியதோ அதுவரை தனியாக இருக்கட்டும்.

“பாராசிட்டமால் போட்டுக்கிட்டு வந்துட்டேன் சிஸ்டர்” என்று டியூட்டிக்கு வருபவரை நாம் மெச்சுகிறோம். ஆள் பற்றாக்குறை எனக்கும் தெரியும். ஆனால் மாத்திரை காய்ச்சலைத்தான் இறக்கும், பரவுவதை நிறுத்தாது. மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லையென்றால்தான் வர வேண்டும்.

போன வருஷம் போட்ட ஃபுளூ தடுப்பூசி இந்த வருஷத்துக்கு ஆகாது. பலன் தர ஏறக்குறைய 2 வாரம் எடுக்கும் என்பதால், மழைக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, வயதானவர்களுக்குச் சில நேரம் காய்ச்சலே இருக்காது. சாப்பிட மறுப்பார், திடீரென்று உளறுவார், அவ்வளவுதான். “தாத்தா நேத்து ராத்திரியிலிருந்து ஒரு மாதிரியா இருக்கார்” என்று துணைக்கு இருக்கும் பேத்தி சொன்னால், அடுத்த ஷிஃப்டுக்குப் பொறுப்பு ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவரில் அதையும் எழுதுங்கள்.