தோளில் நிற்காத ஹார்னஸ்: என் அனுபவம்

சோழவந்தான் பக்கம் எங்கள் தோப்பில் அண்ணன் மகன் தென்னை ஏறப் பழகுகிறான். 19 வயது, ஒல்லி உடம்பு. வாங்கிய முழு உடல் ஹார்னஸ் (தவறி விழுந்தால் உடம்பைத் தாங்கிப் பிடிக்கும் பட்டைகளின் தொகுப்பு) ஏற ஏறத் தோளிலிருந்து வழுக்கிக்கொண்டே இருந்தது.

நெஞ்சுப் பட்டையை இறுக்கினோம். "சித்தப்பா, கழுத்துக்கு ஏறுது" என்றான். தோள்மேல் வரும் பட்டைகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியும் நிற்கவில்லை. இடுப்பு பெல்ட் போதும் என்றார் கடைக்காரர். அதை நான் ஏற்கவே மாட்டேன். விழுந்தால் அதிர்ச்சி முழுதும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும்.

காரணம் முதுகில் இருந்தது. பட்டைகள் குறுக்கிடும் இடத்தில் டி வளையம் (பாதுகாப்புக் கயிற்றை மாட்டும் D வடிவ வளையம்) கோத்த தகடு ஒன்று உண்டு. அது இடுப்புவரை இறங்கியிருந்தது. குறுக்கிடும் இடம் கீழே போனால் மேலே பட்டைகள் அகன்று தோளைவிட்டு நழுவும். தகட்டைத் தோள் எலும்புகளுக்கு நடுவே ஏற்றியதும் நின்றது.

தொடைப் பட்டை மட்டும் கடைசித் துளையிலும் தொளதொளத்தது. சின்ன அளவு மாற்றி வாங்கினோம். பட்டைக்கும் தொடைக்கும் நடுவே உள்ளங்கை நுழையணும், முஷ்டி நுழையக்கூடாது, அதுதான் கணக்கு. பிறகு புளியங்கிளையில் தரைக்கு ஓரடி மேலே, காலூன்றப் பலகை வைத்து, கொஞ்ச நேரம் அவனைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். எதுவும் நகரவில்லை.

போட்டிருப்பவனுக்கு அந்தத் தகடு தெரியாது. ஏறுமுன் இன்னொருவர்தான் தொட்டுப் பார்க்கணும்.