பழைய பிக்கப்பின் சேஸிஸ் எண்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்கள் டயரைப் பார்ப்பார்கள், புகையைப் பார்ப்பார்கள், ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார்கள். வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் அடையாள எண்ணான சேஸிஸ் எண்ணை மட்டும் தரகர் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய ஆர்.சி. படத்தில் பார்த்துவிட்டுத் தலையாட்டிவிடுவார்கள். டயரை மாற்றிக்கொள்ளலாம், எஞ்சினைப் பிரித்து வேலை பார்க்கலாம். ஆனால் எண் ஒத்துவராத வண்டிக்குப் பெயர் மாற்றமும் நடக்காது, தகுதிச் சான்றான எஃப்.சி.யும் கிடைக்காது. திருட்டு வண்டியாக இருந்துவிட்டால் கொடுத்த பணத்தோடு வண்டியும் போய்விடும்.

நேரில் போய்ப் பார்ப்பவர்களும் ஒரு தவறைச் செய்கிறார்கள். ஆர்.சி.யைக் கையில் பிரித்து வைத்துக்கொண்டு இரும்பில் இருக்கும் எண்ணைப் படிக்கிறார்கள். காகிதத்தில் 8 என்று இருந்தால், துருவுக்கு நடுவே தெரிகிற 3-ம் 8 ஆகத்தான் தெரியும். கண் அப்படித்தான் வேலை செய்கிறது. எனவே எண்ணைப் படிப்பவர் அதை முன்பே அறியாதவராக இருக்க வேண்டும். ஒருவர் இரும்பைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக உரக்கச் சொல்லட்டும், இன்னொருவர் எழுதிக்கொள்ளட்டும். அதன் பிறகு ஆர்.சி.யை எடுத்து, கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி ஒப்பிடுங்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் மற்ற எச்சரிக்கைகளுக்கெல்லாம் பாதிப் பயன்தான்.

எண் எங்கே இருக்கும்? டாடா 207, பொலேரோ பிக்கப் போன்றவற்றில் கேபினும் லோடு பாடியும் இரண்டு நீளச் சட்டங்கள் கொண்ட சேஸிஸின் மேல் உட்கார்ந்திருக்கும். பஞ்ச் அடித்த எண் பெரும்பாலும் வலது பக்கச் சட்டத்தில், முன் சக்கரத்தை ஒட்டிய பகுதியில் இருக்கும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதுமாக ஒடித்துவைத்தால் சக்கரம் விலகி இடம் தெரியும். மாடலுக்கு மாடல் இடம் மாறும் என்பதால் வண்டியோடு வந்த கையேட்டைப் பார்த்துவிடுவது நல்லது. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையை நுழைக்காதீர்கள்.

பானட்டைத் திறந்ததும் எஞ்சின் அறையிலோ, கதவுத் தூணிலோ ரிவெட் அடித்த ஒரு தகடு கண்ணில் படும். அதிலும் எண் இருக்கும். அதோடு நிறுத்திக்கொள்பவர்கள் பலர். தகடு என்பது இரண்டு ரிவெட்டைப் பெயர்த்தால் கழன்றுவிடும் பொருள். விபத்தில் நசுங்கிய வண்டிக்குக் காயலான் கடையிலிருந்து வேறு கேபினை எடுத்து ஏற்றியிருந்தால், தகடும் அந்தக் கேபினோடு சேர்ந்தே வந்திருக்கும். ஆகவே சட்டத்தில் பொறித்த எண்தான் வண்டியின் எண், தகடு துணைச் சாட்சி மட்டுமே. தகட்டின் ரிவெட்டுகள் வண்டியின் வயதுக்குப் பொருந்தாமல் பளபளத்தால் ஏன் என்று கேளுங்கள்.

அடுத்த தவறுதான் மிகவும் வேதனையானது. துருவும் மண்ணும் மூடி எண் தெரியவில்லை என்றதும், பட்டறையில் யாராவது ஒருவர் கிரைண்டரை எடுத்துவிடுவார். பொறித்த எண்ணின் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாமல் இருக்கலாம். துருவோடு சேர்த்து எண்ணையும் சீவிவிட்டால், நேர்மையான வண்டிகூட எண்ணை அழித்த வண்டியாகிவிடும். எமரித் தாளும் அதே வேலையைத்தான் மெதுவாகச் செய்யும். மண்ணெண்ணெயோ டீசலோ நனைத்த துணியை அந்த இடத்தில் சிறிது நேரம் ஒற்றி வையுங்கள். ஊறியதும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, வேஸ்ட் துணியால் துடையுங்கள். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பித் தெரியும். அப்படியும் புரியாவிட்டால் மெல்லிய தாளை அழுத்திப் பிடித்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்து அச்சு எடுங்கள். பெயர் மாற்றத்தின்போது இந்தப் பென்சில் அச்சைக் கேட்பது வழக்கம் என்பதால், எடுக்கிற வேலை வீணாகாது.

அச்சு எடுத்த தாள் இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். தொழிற்சாலையில் அடித்த எண்கள் ஒரே கோட்டில், ஏறக்குறைய ஒரே இடைவெளியில், ஒரே வடிவில் இருக்கும். ஓர் எழுத்து மட்டும் மேலே ஏறியிருந்தாலோ, மற்றவற்றைவிட ஆழமாக இருந்தாலோ, 3-ஐ 8 ஆக்கியது போல ஒரு பாதி மட்டும் புதிதாக இருந்தாலோ பணத்தை உள்ளே வையுங்கள். எண்ணைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். அந்த இடம் மட்டும் பள்ளமாக வழவழத்தாலோ, ஓரத்தில் வெல்டிங் தழும்பு தட்டுப்பட்டாலோ அதே பதில்தான். அதிக பாரம் ஏற்றி விரிசல் கண்ட சட்டத்துக்குப் பட்டை வைத்துப் பற்றவைப்பது உண்டு, அது வேறு. எண் இருக்கும் துண்டையே சுற்றிலும் பற்றவைத்திருப்பதற்கு எந்த விளக்கத்தையும் நான் ஏற்கமாட்டேன்.

எஞ்சின் எண்ணில் குழப்பம் வேறு மாதிரி. எஞ்சினின் வார்ப்பிரும்பு உடலான பிளாக்கின் மேல் பெரிதாகப் புடைத்து நிற்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து, ஆர்.சி.யோடு ஒத்துவரவில்லை என்று பதறுபவர்கள் உண்டு. புடைத்து நிற்பது வார்ப்பு எண். ஒரே அச்சில் வார்த்த எல்லா பிளாக்கிலும் அது இருக்கும். எஞ்சின் எண் என்பது கடைந்து சமப்படுத்திய சிறு பரப்பில் குழிவாக அடித்தது. டாடா 207 டிஐ வண்டியில் அது 497 என்று தொடங்கினால் இயல்பு. 4 சிலிண்டர், 97 மில்லிமீட்டர் துளை (சிலிண்டரின் உள்விட்டம்) என்பதே அந்த எண்ணின் பொருள். பிஸ்டன் நகரும் தூரமான 100 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கோடு கணக்குப் போட்டால் 2956 சி.சி. வரும். 483 எஞ்சினுக்கு 83 மில்லிமீட்டர் துளை, 1948 சி.சி. ஆர்.சி.யில் 2956 என்று இருந்து, பிளாக்கில் 483 என்று தொடங்கினால் எஞ்சின் மாறியிருக்கிறது. எஞ்சினை மாற்றுவது குற்றமல்ல. முறைப்படி அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றாமல் விடுவதுதான் சிக்கல்.

சேஸிஸ் எண்ணில் 17 இலக்கம் இல்லாவிட்டால் போலி என்று நினைப்பதும் தவறு. பழைய டாடா வண்டிகளில் முதலில் ஆறு எண்கள், நடுவில் மூன்று எழுத்துகள், பின்னர் ஆறு எண்கள் என 15 இலக்கமே இருக்கும். 17 இலக்க எண்ணாக இருந்தால் டாடாவுக்கு எம்ஏடி, மஹிந்திராவுக்கு எம்ஏ1, அசோக் லேலண்டுக்கு எம்பி1 என்று தொடங்கும். ஐ, ஓ, க்யூ ஆகிய ஆங்கில எழுத்துகள் இந்த எண்ணில் வரவே வராது. வட்டமாகத் தெரிந்தால் அது சுழியம், நட்டமாக ஒரு கோடு தெரிந்தால் அது ஒன்று. விண்ணப்பத்தில் 0-ஐ ஓ என்று எழுதி, ஆண்டுக்கணக்கில் அந்தப் பிழையைச் சுமக்கும் ஆர்.சி.கள் இருக்கின்றன.

17 இலக்க எண்ணில் பத்தாவது இலக்கம் பொதுவாக ஆண்டைக் குறிக்கும். 2001 முதல் 2009 வரை 1 முதல் 9. 2010-க்கு ஏ, 2011-க்கு பி. இது தயாரித்த ஆண்டு, பதிவு செய்த ஆண்டு அல்ல. டிசம்பரில் தயாரான வண்டி பிப்ரவரியில் பதிவாவதில் வியப்பில்லை, ஆனால் விலை பேசும்போது அந்த ஓராண்டு உங்களுக்குச் சாதகம். எண்ணை அமெரிக்க இணையதளங்களில் போட்டுச் சோதிப்பவர்கள் ‘செல்லாத எண்’ என்ற பதிலைக் கண்டு கலங்க வேண்டாம். அங்கே ஒன்பதாவது இலக்கம் கணக்குப் போட்டு வரும் சரிபார்ப்பு இலக்கம். நம் ஊர் வண்டிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது மத்திய அரசின் வாகனப் பதிவு விவரங்களைக் காட்டும் பரிவாகன் தளத்தை. அங்கே சேஸிஸ் எண்ணின் ஒரு பகுதியை மறைத்துக் காட்டினாலும் வண்டி கடன் அடமானத்தில் இருக்கிறதா என்பது, எஃப்.சி. தேதி, தயாரித்த மாதம் ஆகியவற்றை ஒப்பிட முடியும். திருட்டு வண்டியா என்று பார்க்க, தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ‘வாகன் சமன்வய்’ சேவை உள்ளது. பதிவெண் பலகையை யாரும் மாற்றி மாட்டிவிடலாம் என்பதால், அங்கே இரும்பில் நீங்களே படித்த சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் கொடுங்கள்.

ஒரே ஓர் எழுத்து வேறுபட்டு, அது எழுத்துப் பிழைதான் என்று உறுதியானால், காகிதத்தைத் திருத்த வேண்டுமே தவிர இரும்பைத் தொடக்கூடாது. விற்பவர் தன் பெயரில் இருக்கும்போதே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டித் திருத்தி வரட்டும். “பெயர் மாற்றும்போது சேர்த்துச் செய்துகொள்ளலாம், அண்ணா” என்று தரகர் சொன்னால், முன்பணத்தையும் அப்போதே வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். துருவில் எண் அழிந்துபோன வண்டிக்கும் அலுவலகத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் பட்டறையில் மறுபடி பஞ்ச் அடிக்கக் கூடாது.

நாகப்பட்டினம், தூத்துக்குடி பக்கம் மீன் ஏற்றிய வண்டியானால் இன்னும் கவனம் தேவை. ஐஸ் உருகிய உப்புநீர் லோடு பாடியிலிருந்து சொட்டிச் சட்டத்தின் மேலேயே ஓடும். எண்ணைப் படித்து முடித்ததும் அந்த இடத்தில் கிரீஸை மெல்லியதாகத் தடவிவிடுங்கள், வண்டியைக் கழுவும்போதெல்லாம் புதுப்பியுங்கள். தார்ப் பெயின்ட் அடிப்பவரிடம் அந்த ஒரு சாண் இடத்தை விட்டுவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.