குழந்தைகள் டாக்டர் ஆகணுமா? ஹவுஸ் சர்ஜனா இருக்கும்போதே ஆரம்பிங்க

"அக்கா, பீடியாட்ரிக்ஸ் (குழந்தை மருத்துவ மேல்படிப்பு) சீட் கிடைக்க எவ்ளோ ரேங்க் வேணும்"னுதான் ஜூனியர்ஸ் எல்லாரும் என்கிட்ட முதல்ல கேக்கறாங்க. ரேங்க் வருஷா வருஷம் மாறும், கவுன்சிலிங் அப்ப போன வருஷ லிஸ்ட்ட எடுத்து பாத்துக்கலாம். நான் திருப்பி கேக்கறது ஒண்ணுதான், ஹவுஸ் சர்ஜனா, அதாவது எம்பிபிஎஸ் கடைசில வர்ற பயிற்சி வருஷத்துல, குழந்தைகள் வார்டு போஸ்டிங்ல எத்தன குழந்தைக்கு முழுசா ஒரு நிமிஷம் மூச்சு எண்ணிருக்க?

நான் ஃபர்ஸ்ட் இயர் பிஜியா (மேல்படிப்பு டாக்டரா) இருந்தப்ப ஒரு ராத்திரி, 8 மாச குழந்தை, சளி, இருமல். 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்கி 44னு கேஸ் ஷீட்ல எழுதி, சிரப் குடுத்து அனுப்பிடலாம்னு நெனச்சேன். சீனியர் அக்கா வந்தாங்க, திட்டவே இல்ல, குழந்தைய அம்மா மடிலயே வெச்சு பால் குடுக்க சொல்லி, அழுகை அடங்கற வரைக்கும் நின்னு, அப்புறம் சட்டைய தூக்கிவிட்டு வாட்ச்ச பாத்து முழு நிமிஷம் எண்ணுன்னாங்க. 58. நெஞ்சுக்கூட்டுக்கு கீழ உள்ள இழுக்கறதும் அப்பதான் என் கண்ணுல பட்டுச்சு. சின்ன குழந்தைங்க ஒரே சீரா மூச்சு விடாது, கொஞ்சம் வேகமா விடும், கொஞ்சம் நிறுத்தும், அதனால கால் நிமிஷ கணக்கு ஏமாத்திடும். 2 மாசத்துக்குள்ள 60, 2 மாசத்துலேருந்து ஒரு வயசு வரைக்கும் 50, 1 முதல் 5 வயசு வரைக்கும் 40, இந்த அளவ தொட்டாலே வேக மூச்சுதான். இத இப்பவே மனசுல ஏத்திக்கோங்க.

அடுத்தது அம்மா, பாட்டி பேசறத கேக்கறது. "உச்சிக்குழி பள்ளமா இருக்குங்க"ன்னு ஒரு பாட்டி சொன்னா உடம்புல தண்ணி வத்திருச்சான்னு உடனே பாக்கணும். "பால் எதுக்களிக்குது"ன்றது வேற, ஒரு மாச குழந்தை ஒவ்வொரு தடவ பால் குடிச்சதும் பீச்சியடிக்குதுன்றது வேற, பச்சையா வாந்தி எடுத்தா அது சர்ஜன உடனே கூப்பிட வேண்டிய விஷயம். மாந்தம், செவ்வாப்பு, உரம் விழுந்துருச்சுன்னு வருவாங்க, சிரிச்சிடாதீங்க தயவுசெஞ்சு, "அப்டின்னா குழந்தை என்ன பண்ணுதும்மா"ன்னு கேளுங்க, வசம்பு, உரை மருந்து ஏதாவது குடுத்தீங்களான்னும் கேளுங்க. நாம முகம் சுளிச்சோம்னா அந்த வீட்டுலேருந்து அப்புறம் ஒரு உண்மையும் வராது.

சரி, படிப்புக்கு வழி. நீட் பிஜின்ற மேல்படிப்பு நுழைவுத்தேர்வு எழுதினா எம்டி, மூணு வருஷம். டிஎன்பியும் (தேசிய தேர்வு வாரியம் குடுக்கற, எம்டிக்கு சமமான பட்டம்) அதே பரீட்சை ரேங்க்லதான், அதுவும் மூணு வருஷம். டிசிஹெச் குழந்தை மருத்துவத்துல ரெண்டு வருஷ டிப்ளமா, ஆனா டிப்ளமா சீட் நிறைய டிகிரியா மாறிட்டதால முன்ன மாதிரி ஈஸியா கிடைக்காது, கிடைச்சு முடிச்சவங்க மேல ரெண்டு வருஷம் டிஎன்பி பண்ணலாம். ஜிப்மர், எய்ம்ஸ் வேணும்னா ஐஎன்ஐ சிஇடின்ற நுழைவுத்தேர்வ தனியா எழுதணும், அது வருஷத்துக்கு ரெண்டு தடவ வரும். அரசு காலேஜ் சீட்ல பாதி ஆல் இந்தியா கோட்டா, பாதி நம்ம ஸ்டேட் கவுன்சிலிங்.

காலேஜ் தேர்ந்தெடுக்கறப்ப பேர மட்டும் பாக்காதீங்க. எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி மாதிரி இடத்துல பல மாவட்டத்து கேஸும் வந்து சேரும், கண்ணு நல்லா பழகும். சின்ன இடமா இருந்தா அங்க இப்ப படிக்கற பிஜிகிட்ட நேரா கேளுங்க, ஒரு நாளைக்கு எத்தன டெலிவரி, வென்டிலேட்டர் எத்தன, ராத்திரி டியூட்டில சீனியர் பக்கத்துல இருப்பாங்களா. கடைசி கேள்விதான் எனக்கு ரொம்ப முக்கியம்.

சேந்த முதல் ஆறு மாசம் வெயிட்டும் டோஸும்தான் உயிர். பாரசிட்டமால் ஒரு தடவைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம், 8 கிலோ குழந்தைக்கு 120. சிரப் 5 மில்லில 120 உள்ளதும் இருக்கு, 250 உள்ளதும் இருக்கு, டிராப்ஸ்ல ஒரே மில்லில 100 இருக்கும். அதே 120 மில்லிகிராம் ஒண்ணுல 5 மில்லி, இன்னொண்ணுல 2.4, டிராப்ஸ்ல 1.2. "5 மில்லி குடுங்க"ன்னு மட்டும் சொல்லி அனுப்பி, வீட்ல டிராப்ஸ் பாட்டில் இருந்துச்சுன்னா குழந்தைக்கு 500 போயிடும். அதனால பாட்டில கையில வாங்கி பாத்து, சிரிஞ்ச்ல கோடு காட்டி, அம்மாவ ஒரு தடவ எடுத்து காட்ட சொல்லுங்க. வார்டுல டோஸ் எழுதறப்ப தசமப்புள்ளிய தப்பா வெச்சா டோஸ் பத்து மடங்கு ஆகும், சிஸ்டர்கிட்ட சத்தமா சொல்லி ரெண்டு பேரும் சரிபாக்கற பழக்கத்த முதல் நாள்லேருந்தே வெச்சுக்கோங்க.

பொறந்த குழந்தை அழலன்னா உங்களுக்கு ஒரு நிமிஷம்தான் இருக்கு. துடைக்கணும், சூடா வெக்கணும், தலைய சரியா வெச்சு லேசா தூண்டிவிடணும், அப்பவும் மூச்சு வரலன்னா 60 செகண்டுக்குள்ள பேக் மாஸ்க் (பைய அழுத்தி மாஸ்க் வழியா காத்து குடுக்கறது) ஆரம்பிச்சிருக்கணும். இத யோசிச்சு செய்ய நேரம் இருக்காது, அதனால பொம்மைல நூறு தடவ பண்ணுங்க, டியூட்டிக்கு போனதும் மாஸ்க் சைஸ், சக்ஷன், வார்மர் மூணையும் தொட்டு பாத்துட்டு அப்புறம் டீ குடிங்க.

தீசிஸ் (ஆய்வுக் கட்டுரை) தலைப்ப உங்க வார்டுல தினமும் வர்ற நோய்லேருந்து எடுங்க, அபூர்வ நோய எடுத்துட்டு கேஸ் கிடைக்காம அலையாதீங்க. மூணு மாசம் மாவட்ட ஆஸ்பத்திரி போஸ்டிங் கட்டாயம், அத லீவு மாதிரி கழிக்காதீங்க, ஸ்கேனும் ஸ்பெஷலிஸ்டும் பக்கத்துல இல்லாம முடிவெடுக்கறத அங்கதான் கத்துக்க முடியும்.

ஒரு குழந்தை போயிடுச்சுன்னா, ரெண்டாவது நாளாவது யார்கிட்டயாவது உக்காந்து பேசுங்க. மூணு வருஷத்துல இது கண்டிப்பா நடக்கும். அம்மாகிட்ட சொல்றப்ப நின்னுட்டே சொல்லாதீங்க, பக்கத்துல உக்காருங்க, குழந்தையோட பேர சொல்லுங்க.

ஃபைனல் எக்ஸாம்ல நோயாளிய பாத்து விளக்கற லாங் கேஸ், ஷார்ட் கேஸோட பச்சக்குழந்தை கேஸும் வரும், அத நிறைய பேர் கடைசிலதான் படிப்பாங்க, நீங்க முதல்லயே படிங்க. பாஸ் ஆனதும் மெடிக்கல் கவுன்சில்ல கூடுதல் தகுதிய பதிவு பண்ணிட்டு அப்புறம் போர்டு மாட்டுங்க. நியோனட்டாலஜி (பச்சக்குழந்தை மருத்துவம்) மாதிரி டிஎம், அதாவது எம்டிக்கு மேல உள்ள சிறப்பு படிப்புக்கு போகணும்னா நீட் எஸ்எஸ் எழுதணும், இன்னும் மூணு வருஷம்.