பிளாஸ்டர் கழற்றிய மணிக்கட்டுக்கு இலக்கு எழுதும் முறை

மணிக்கட்டு முறிந்து ஆறு கிழமை பிளாஸ்டருக்குள் இருந்த கை, கழற்றிய அன்று மரக்கட்டை மாதிரித்தான் இருக்கும். "கை சுகமாக வேணும்" என்று எழுதி வைத்தால் அது நிறைவேறிய நாளை யாராலும் சொல்ல முடியாது. "மூன்று மாதத்தில் அரை முறித் தேங்காயை, நடுவில் ஒரு தடவை ஓய்வெடுத்து, திருவி முடிக்க வேணும்" என்று எழுதுங்கள். மருதமுனையில் தறி நெய்பவருக்கும் வாவியில் வலை இழுப்பவருக்கும் இலக்கு வேறாக இருக்கும்.

முதலில் இன்றைய அளவு. கொப்பியும் அடிமட்டமும் போதும். விரல்களை மடக்கி, நடுவிரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் இடையிலுள்ள தூரத்தைச் சென்ரிமீற்றரில் குறியுங்கள். பிறகு முழங்கையை விலாவோடு ஒட்டி, உள்ளங்கையை மேலே திருப்பிப் பாருங்கள்: கடையில் மிச்சக்காசு வாங்குமளவு திரும்புகிறதா? முழங்கையை விலக்கினால் தோள் சாய்ந்து ஈடுகொடுத்துவிடும்; கை திரும்பியது போலத் தெரியும், திரும்பியிராது.

அடுத்து வேலையை உடையுங்கள். தேங்காய் திருவ முறியை இறுக்கிப் பிடிக்க வேணும், அழுத்தும்போது மணிக்கட்டு பின்னுக்கு வளைய வேணும், கை சுழல வேணும். பிடியின் வலு கடைசியாகத்தான் திரும்பும். ஆகவே முதல் இரண்டு கிழமைக்கு அசைவு மட்டும்: இடைவெளி 4 சென்ரிமீற்றர் என்றால் 2 ஆக்குவது. பாரம் தூக்கலாம் என்று வைத்தியரோ பிசியோதெரபிஸ்ட்டோ சொன்ன பிறகே அரை லீற்றர்த் தண்ணீர்ப் போத்தல். அது அரைக் கிலோ. துவாய் பிழிவது அதற்கும் பிறகு.

பலர் கெடுத்துக்கொள்வது இந்த இடத்தில்தான்: காலையில் அரை மணித்தியாலம் விடாமல் செய்துவிட்டு அன்று முழுக்கக் கையைத் தொங்கப்போடுவது. நாளுக்கு ஐந்து வேளை, வேளைக்குப் பத்துத் தடவை செய்தால் வீக்கம் குறைவு. முன்னால் பத்து நிமிடம் இளஞ்சூட்டு நீரில் வையுங்கள். சூட்டை மற்றக் கையால் பாருங்கள், மரத்த விரலுக்குச் சூடு தெரியாது. செய்யும்போது இழுத்து நோவது பரவாயில்லை. மறுநாள் காலையிலும் நோவு குறையாமல் விரல்கள் வீங்கியிருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள்.

கை சிவந்து பளபளத்துச் சுட்டாலோ, விரல் மரப்பு கூடினாலோ கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம். நேற்றுவரை நிமிர்ந்த பெருவிரல் இன்று நிமிராவிட்டால் அன்றைக்கே போங்கள்: முறிந்த எலும்பில் உரசித் தசைநாண் (தசையை எலும்போடு பிணைக்கும் நார்) அறுந்திருக்கலாம், பயிற்சியால் அது ஒட்டாது.