‘காக்கா’ ‘தாத்தா’வாக வரும்போது: வீட்டில் ‘க’ பழக்கிய முறை

நாலு வயதாகியும் மகனுக்கு ‘க’ வரவில்லை. காக்கா தாத்தாவானது, கார் தார் ஆனது, மலாய் ‘காக்கி’ (கால்) தாத்தியானது. எல்லா மொழியிலும் ஒரே பிழை வந்தால் பல மொழி கேட்டு வந்த குழப்பமில்லை. நாக்கின் பின்பகுதி எழும்ப வேண்டிய இடத்தில் நுனி முந்துகிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்றரை வயதுவாக்கில் தானே சரியாகும்.

முதலில் செவிச் சோதனை. இதைத் தள்ளிப்போடவே கூடாது. நடுக்காதில் நீர் தேங்கினால் ஒலி மங்கித்தான் கேட்கும். பினாங்கில் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையம்) கடிதம் கேட்டால் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

பேச்சுப் பயிற்சியாளர் காட்டிய வழி இது. பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்தால் நாக்கு தானே பின்னுக்குச் சாயும். அப்போது ‘அக்… அக்’. நுனி எழும்பினால் ஐஸ்கிரீம் குச்சியால் கீழ்ப்பல்லுக்குப் பின்னே மெல்லத் தொட்டுப் பிடிக்கலாம். உள்ளே தள்ளினால் குமட்டும். தனி ஒலி உறுதியாகாமல் சொல்லுக்குப் போனால் பழைய ‘த’ திரும்பிவிடும். பிறகு கால், காய், பாக்கு. மலாய் ‘காக்காக்’ (அக்கா), ‘அனாக்’ (பிள்ளை) போன்றவற்றின் கடைசியில் எழுத்தில்தான் ‘க்’; குரல் தொண்டையில் வெட்டி நிற்பதால் அந்தக் கடைசி ஒலி பயிற்சிக்கு உதவாது. ‘பூக்கு’ (புத்தகம்), ‘காக்கி’ நல்லவை.

எனக்கு மிகவும் பிடித்தது படச்சீட்டு. காக்கா, தாத்தா இரண்டையும் வைத்து, பிள்ளை சொன்னதை மட்டும் எடுத்துக் கொடுங்கள். காக்கா கேட்டுத் தாத்தா வந்தால் அவனே திருத்துவான். “சரியாச் சொல்லுய்யா” என்று அதட்டினால் வாயைத்தான் மூடுவான். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும். இடையில் தாத்தாவையும் ‘காக்கா’ என்பான். புது ஒலி படியும்போது அப்படி வரும், இரண்டு படங்களையும் கலந்தே கொடுங்கள்.