மிருகக்காட்சி சாலையை முதலில் பார்க்காதீர்கள்

திருநெல்வேலியிலிருந்து ஓவியம் பார்க்கக் கிளம்புகிறவருக்குச் சென்னையைவிடத் திருவனந்தபுரம்தான் பக்கம். நாகர்கோவில் வழியாகப் போகும் காலை ரயிலைப் பிடித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். நேப்பியர் அருங்காட்சியகம், 1935-இல் தொடங்கிய சித்ரா ஓவியக் கூடம், ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் படைப்புகளுக்கென்றே ஒரு கூடம் எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. மிருகக்காட்சி சாலையும் அதே வளாகம்தான். வினை அங்கேதான் தொடங்குகிறது.

குடும்பத்தோடு நாங்கள் முதல் தடவை போனபோது, பிள்ளைகள் ஆசைப்படுகிறார்களே என்று புலியைப் பார்க்கப் போனோம். புலி தூங்கிக்கொண்டிருந்தது. நீர்யானை முதுகை மட்டும் காட்டியது. மேடும் பள்ளமுமாக இரண்டு மணி நேரம் நடந்து, கட்டிக்கொண்டு போன புளியோதரையும் தீர்ந்து, ஓவியக் கூடத்துக்குள் நுழைந்தபோது எல்லார் கண்ணும் உட்கார இடம் தேடியது. படம் பார்ப்பது நின்றுகொண்டே செய்கிற வேலை. கால் ஓய்ந்த பிறகு கண் எதையும் வாங்குவதில்லை. ஆகவே படங்கள் முதலில், புலி பிறகு. அடுத்த தடவை இந்தப் பாடத்தைச் சரியாக நினைவில் வைத்துக்கொண்டு திங்கட்கிழமை போய் இறங்கினேன். திங்கள் அங்கே விடுமுறை. விடுமுறை நாள் ஊருக்கு ஊர் மாறும், கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

இவையெல்லாம் சில்லறைத் தவறுகள். பெரிய தவறு, டிக்கெட் எடுத்துவிட்டோமே என்று ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் பார்த்துத் தீர்ப்பது. சிறுவயதில் எழும்பூர் அருங்காட்சியகத்தை ஒரே காலையில் அப்படித்தான் பார்த்து முடித்தேன். இன்றைக்கு நினைவில் இருப்பது திமிங்கிலத்தின் எலும்புக்கூடு ஒன்றுதான். அது பெரிதாக இருந்ததால் தப்பித்தது.

நமக்குப் பார்க்கத் தெரியாது என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கல்யாணத்துக்குப் பத்தமடைப் பாய் வாங்க வந்திருக்கும் பெரியவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? பாயை விரித்துப் போடுவார்கள். புறங்கையால் ஒரு தரம் தடவுவார்கள். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, கோரை எவ்வளவு மெல்லிசாகக் கிழிபட்டிருக்கிறது என்று பார்ப்பார்கள். பிறகு திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தையும், ஓரம் கட்டியிருப்பதையும் பார்ப்பார்கள். ஒரு பாய்க்குப் பத்து நிமிடம். இதற்கு அர்த்தம் என்ன என்று யாரும் கேட்பதில்லை. அதே மனிதர்கள் ஓவியக் கூடத்துக்குள் வந்தால் படத்துக்கு ஐந்து விநாடி கொடுத்துவிட்டு, பக்கத்தில் ஒட்டியிருக்கும் குறிப்புச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று குனிந்துவிடுகிறார்கள். பாய்க்கடைக் கண்ணைச் செருப்போடு சேர்த்து வாசலிலேயே விட்டுவிட்டு வருகிறோம்.

பணிக்கரின் கூடத்தில் நானும் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன். கோயம்புத்தூரில் 1911-இல் பிறந்தவர், சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர், 1966-இல் சோழமண்டல ஓவியர் கிராமத்தை நிறுவியவர் என்றெல்லாம் படித்துக்கொண்டு போயிருந்தேன். ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசைப் படம் ஒன்றின் முன் நின்று, அதிலிருந்த எழுத்துகளை வாசிக்க முயன்றேன். மலையாளம்போல இருந்தது. எனக்குக் கொஞ்சம் மலையாளம் வாசிக்க வரும் என்ற கர்வமும் இருந்தது. ஓர் எழுத்துகூடப் பிடிபடவில்லை. கூட வந்திருந்த அத்தை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “யாருடைய ஜாதகம் மருமகனே இது? கட்டம் போட்டிருக்கிறார், கிரகங்களை வெளியே அலையவிட்டிருக்கிறாரே” என்றார்.

அதற்குப் பிறகுதான் எனக்குப் படம் தெரிந்தது. ஜாதகக் கட்டம், கணக்கு நோட்டின் குறிகள், சுவரில் கிறுக்கியதுபோலப் பறவையும் மீனும், இடையிடையே பொடி எழுத்து. அந்த எழுத்து வாசிப்பதற்காக எழுதப்பட்டதே இல்லை. பழைய ஓலையையோ ஜாதக நோட்டையோ வாசிக்கத் தெரியாதவன் கையில் வாங்கினால், எழுத்து வெறும் கோடாகவும் நெரிசலாகவும் கண்ணில் படும் அல்லவா? அதைத்தான் அவர் வண்ணத்தில் பிடித்திருந்தார். அத்தை அர்த்தம் தேடவில்லை. தனக்குத் தெரிந்த ஒன்றைப்போல இருக்கிறது என்றார், அவ்வளவுதான். நவீன ஓவியத்துக்குள் நுழைய அதைவிட நல்ல வாசலை நான் இதுவரை கண்டதில்லை. சீட்டை வாசிக்கலாம், பார்த்து முடித்த பிறகு வாசிக்கலாம்.

“இதை என் பேரனும் வரைவான்” என்ற பேச்சு ஒன்று உண்டு. சொல்கிறவரிடம் ஓவியர் ஆதிமூலத்தின் கோட்டோவியங்களைக் காட்டுவேன். காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி அவர் வரைந்த காந்திகளைப் பாருங்கள். நாலு கோட்டில் கிழவர் எழுந்து நடப்பார். கி.ராஜநாராயணனின் கரிசல் எழுத்தை ஆதிமூலத்தின் படங்களோடு பத்திரிகையில் படித்தவர்களுக்கு அந்தக் கோடு ஏற்கெனவே பழக்கம். அதே கைதான் பிற்காலத்தில் உருவங்களை விட்டுவிட்டு வண்ணப் பரப்புகளுக்குப் போயிற்று. வரைய வராததால் போன கை இல்லை அது. அதற்காக எல்லா நவீன ஓவியமும் பிடித்தாக வேண்டும் என்று இல்லை. எனக்கே பாதி பிடிப்பதில்லை. பிடிக்கவில்லை என்று சொல்வதற்குள் ஐந்து நிமிடம் நின்றிருக்க வேண்டும் என்பதே என் கட்சி.

தொடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெல்லையப்பர் கோயில் இசைத் தூண்களைத் தட்டிப் பார்த்து வளர்ந்த கை நமது. கிருஷ்ணாபுரம் கோயிலில் நாகாஸ்திரம் ஏந்திய கர்ணனின் கையைத் தடவிப் பார்க்காமல் வர மனம் கேட்காது. ஆனால் விரலில் வியர்வையின் உப்பும் எண்ணெய்ப் பசையும் இருக்கிறது. கல்லில் அது கறுப்பாகப் படியும், செம்பை அரிக்கும், ஓவியத்தில் கறையாக நின்றுவிடும். குற்றாலம் சித்திர சபையின் சுவரோவியங்கள், திருப்புடைமருதூர்க் கோபுரத்தின் உள்ளே நிலைக்கு நிலை தீட்டியிருப்பவை, இவற்றுக்கு நம் கை படாமல் இருப்பதே பெரிய உபகாரம்.

அச்சில் பார்த்துவிட்டேன், நேரில் எதற்கு என்பது இன்னொன்று. ரவிவர்மாவின் சகுந்தலையைப் பாதத்தில் முள் எடுப்பவளாகக் காலண்டரில் நூறு தரம் பார்த்திருப்போம். நேரில் நின்றால், அவள் முள்ளைப் பார்க்கவில்லை என்பது முதலில் தெரியும். துஷ்யந்தனைத் திரும்பிப் பார்க்க முள் ஒரு சாக்கு. தோழிகளுக்கும் அது தெரிந்திருக்கிறது. அச்சு இதை மறைக்கவில்லைதான். அச்சின் முன்னால் நாம் நிற்பதில்லை.

காலண்டர் என்றதும் மட்டமாக நினைக்க வேண்டாம். சென்னையில் ஓவியம் கற்று, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதி, கோவில்பட்டியில் தங்கிவிட்ட கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் எழுதிய முருகனும் லட்சுமியும்தான் சிவகாசி அச்சில் ஏறி நம் வீடுகளுக்கு வந்தார்கள். கோவில்பட்டி அப்போது திருநெல்வேலி ஜில்லா. ஓவியர் யாரையும் தெரியாது என்று சொல்லும் வீட்டின் பூசை அறையில் அவர் தொங்கிக்கொண்டிருப்பார்.

ஊர் திரும்பியதும் அத்தையிடம் இதைச் சொன்னேன். அவர் நேரே பூசை அறைக்குப் போய், சட்டம் போட்ட மீனாட்சி கல்யாணத்தின் கீழ்மூலையில் கண்ணாடியை ஒட்டிவைத்துக் கையெழுத்தைத் தேடினார். சட்டக்காரர் அந்த இடத்தைச் சேர்த்து மறைத்திருந்தார். “ஆணி பிடுங்க ஏதாவது இருக்கிறதா பார்” என்றார் அத்தை.